முப்பது கட்டமும் எட்டுப் பாடமும்

நான் வேலை செய்யிற நேர்சிங் ஹோமிலை எங்களுக்கு ஆளுக்கொரு லொக்கர் இருக்கு. மற்றப் பொம்பிளையள் கதவுக்கு உள்பக்கம் பிள்ளையாரை ஒட்டியிருப்பினம், மாதாவை ஒட்டியிருப்பினம், பேரப்பிள்ளை பல்லில்லாமல் சிரிக்கிற படத்தை ஒட்டியிருப்பினம். என்ரை கதவிலை இருக்கிறது ஒரு பழைய வெள்ளைப் பேப்பர். அதிலை அடிமட்டம் வைச்சுக் கீறின முப்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளையும் சின்னச் சின்ன எழுத்து, சிலது நீலப் பேனை, சிலது பச்சை. பாக்கிற ஆக்கள் அதைப் பிங்கோ விளையாட்டு எண்டு நினைக்கினம். புதுசா வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, இதிலை எவ்வளவு வெண்டனீங்கள் எண்டு கேட்டாள். "முழுக் கட்டமும்" எண்டன். அது பொய்யில்லை. பொய் அந்தப் பேப்பரின்ரை பின்பக்கத்திலை இருந்தது. அதைத்தான் சொல்ல வாறன்.

அந்தக் கட்டங்களைக் கீறினவ எங்கடை கைடன்ஸ் மிஸ். ரொறன்ரோவிலை வெக்ஸ்போர்ட் பக்கத்திலை வளந்த ஆக்கள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டு இருந்தது. அங்கை ஒரு பாடமும் படிப்பிக்காத ரீச்சர் அவ ஒராள்தான். ஆர் எதுக்கு வந்திருக்கினம், என்ன குறையுது, எந்த வகுப்பிலை இருத்தலாம், எதை இருக்காமலே கடக்கலாம் எண்டு பாத்துச் சொல்லுறதுதான் அவவின்ரை வேலை. முப்பது வயசு வந்திருக்காது. மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, சின்னனிலையே இஞ்சை வந்திட்டா. தமிழ் கதைப்பா, ஆனா ஒரு கால் தமிழிலை நிண்டா மற்றக் கால் இங்கிலிசிலை நிக்கும். கழுத்திலை ஒரு சிலுவை, காதுக்குப் பின்னாலை ஒரு பென்சில். அந்தப் பென்சிலை மட்டும் நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.

அப்ப நான் மேல் மாடியிலை இல்லை, கீழை குசினியிலை. மூண்டு மாடி ஆக்கள் சாப்பிட்ட கோப்பையளைக் கழுவுற உத்தியோகம். மனுசன் பிறம்ரனிலை ஒரு வெயாஹவுசிலை பெட்டி தூக்கி இடுப்பு நாரியை முறிச்சுப்போட்டு வீட்டிலை. நாரிக்குப் பெல்ற் கட்டிக்கொண்டு ரீவிக்கு முன்னாலை மகாராசா மாதிரி இருப்பார், ஆனா எழும்ப ஆள் வேணும். அந்த நேரம் பாத்துக் குசினி மனேச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுறான், ரெண்டு வருஷத்திலை குசினியை மூடப் போகினமாம், சாப்பாடு வெளியிலை இருந்து வருமாம். வேலை வேணுமெண்டால் மேல் மாடியிலை வயசு போன ஆக்களைப் பாக்கிற வேலைக்கு மாறலாம். அதுக்குக் கொலிஜிலை ஒரு கோர்ஸ் முடிக்க வேணும். கோர்ஸுக்குள்ளை போக ஹைஸ்கூல் முடிச்ச சேர்ட்டிபிக்கேற் வேணும். எனக்கு அப்ப ஐம்பத்தொரு வயசு. உந்த வயசிலை ஆர் எனக்கு வேற வேலை தரப் போகினம்? வீட்டு வாடகை என்ரை கையிலை. ஹைஸ்கூல் முடிச்சனோ எண்டு கேட்டால், நான் அஞ்சாம் வகுப்பு. அதிலையும் அரைவாசி நாள் தம்பிமாரை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வீட்டிலை நிண்டனான்.

ஆனா அது ஒருத்தருக்கும் தெரியாது. ஊராரைக் கேட்டால் நான் ஓ.எல், அதாவது எங்கடை ஊர்ப் பத்தாம் வகுப்புச் சோதினை, எட்டுப் பாடம் பாஸ். அதைப் பாஸ் பண்ணினது நானில்லை, என்ரை கலியாணத் தரகர். மாப்பிளை பகுதி படிச்ச பெட்டை கேக்குது எண்டவுடனை அந்த மனுசன் வெத்திலையைக் குதப்பிக்கொண்டே எனக்கு எட்டுப் பாடம் குடுத்திட்டார். பிறகு அந்த எட்டுப் பாடமும் என்னோடை கப்பலேறி, பிளேனேறி, ரொறன்ரோவுக்கும் வந்திட்டுது. எங்கடை ஆக்களிலை ஓ.எல் பெயில் விட்ட ஒருத்தரையும் நான் இந்தக் கனடாவிலை சந்திக்கேல்லை. எல்லாரும் பாஸ். பேப்பர்தான் ஷெல்லடியிலை எரிஞ்சது, இல்லாட்டிக் கடலிலை விழுந்தது, இல்லாட்டிக் கொழும்பு லொட்ஜிலை களவு போனது. சீலை வந்து சேந்திருக்கும், அம்மிக்குழவிகூட வந்து சேந்திருக்கும், சேர்ட்டிபிக்கேற் மட்டும் வந்து சேராது. உண்மையாத் துலைச்ச சனமும் இருக்கினம். அவையின்ரை நிழலிலைதான் என்னைப் போல ஆக்களும் ஒதுங்கினனாங்கள்.

முதல் நாள் மிஸ்ஸுக்கு முன்னாலை போய் இருந்தன். அவ ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து அடிமட்டம் வைச்சு முப்பது கட்டம் கீறினா. "அன்ரி, இஞ்சை ஹைஸ்கூல் முடிக்க முப்பது கிரெடிற் வேணும். ஒரு பாடம் பாஸ் பண்ணினா ஒரு கட்டம் நிரம்பும். ஆனா எல்லாத்தையும் வகுப்பிலை இருந்துதான் நிரப்ப வேணும் எண்டில்லை. வளந்த ஆக்களுக்கு வேற வேற வழி இருக்கு. முதல்லை சொல்லுங்கோ, ஊரிலை எது மட்டும் படிச்சனீங்கள்?"

"ஓ.எல்," எண்டன். "எட்டுப் பாடம் பாஸ். பேப்பர் இடம்பெயர்வுக்கை போட்டுது."

காதிலை இருந்த பென்சிலை எடுத்தா. "என்னென்ன பாடம், அன்ரி?"

நான் சொன்னன். தமிழ், சமயம், கணக்கு, விஞ்ஞானம், சமூகக்கல்வி, இங்கிலிஸ், மனையியல், சங்கீதம். றிசல்ற்றும் சொன்னன். எல்லாத்துக்கும் மேலான றிசல்ற் குடுத்தால் நம்பமாட்டா எண்டிட்டுக் கணக்குக்குக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தன். இங்கிலிசுக்குச் சும்மா ஒரு பாஸ். கதைக்கிறதைக் கேட்டவ தானே. சங்கீதத்துக்கு மட்டும் ஆசையா மேலானதை வைச்சன். அவ தலை நிமிராமல் பேப்பரின்ரை பின்பக்கத்திலை ஒவ்வொண்டாப் பென்சிலாலை எழுதினா.

பிறகு ஒரு ஃபோமை எடுத்து வைச்சா. சத்தியக் கடதாசியாம். பேப்பர் துலைச்ச ஆக்கள் நான் இவ்வளவு படிச்சனான் எண்டு சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சால் போதுமாம். முதல் பதினாறு கட்டமும் ஒரே நாளிலை நிரம்பியிடும். நேரா மேல் வகுப்புக் கணக்கிலையும் இங்கிலிசிலையும் போய் இருக்கலாம். எனக்கு வாயிலை எச்சில் ஊறிச்சுது. பதினாறு கட்டம்! தரகர் உயிரோடை இருந்திருந்தால் ஒரு வேட்டி வாங்கிக் குடுத்திருப்பன்.

"கையெழுத்து வைக்கட்டோ?" எண்டு பேனையை எட்டினன்.

"இப்ப வேண்டாம் அன்ரி. வீட்டை கொண்டு போங்கோ. நெக்ஸ்ற் வீக் கொண்டு வாங்கோ. கையெழுத்து வைச்சுக் கொண்டு வந்தீங்கள் எண்டா நான் கட்டத்தை நிரப்புவன். உங்கடை சொல்லை நம்புறது என்ரை ஜொப்." பிறகு பென்சிலை உருட்டிக்கொண்டு இன்னொரு கதை சொன்னா. "எங்கடை அம்மாவும் இப்பிடித்தான். வேற ஸ்கூல் ஒண்டிலை எட்டுப் பாடம் எண்டு எழுதிக் குடுத்தவ. அவவை மேல் வகுப்பு மற்ஸிலை இருத்தினவை. மூண்டு நாள் போனா. பிறகு ஒவ்வொரு நாளும் காலமை பாக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு எண்டு வெளிக்கிடுவா. நான் அப்ப கிரேட் செவன். ஒரு நாள் நான் ஸ்கூல் கட் பண்ணிப்போட்டு மோலுக்குப் போறன், அங்கை ஆக்கள் இருக்கிற நீட்டு வாங்கிலை அம்மா இருக்கிறா. மடியிலை மற்ஸ் புக். என்னைப் பாத்தா. நானும் அவவைப் பாத்தன். ரெண்டு பேரும் வீட்டிலை ஒரு வார்த்தை சொல்லேல்லை. அந்த வருஷத்தோடை அம்மா விட்டிட்டா."

அவ்வளவுதான். உங்கடை எட்டுப் பாடம் பொய்யோ எண்டு கேக்கேல்லை. புத்தி சொல்லேல்லை. முப்பது கட்டப் பேப்பரையும் ஃபோமையும் ஒரு உறையிலை போட்டுத் தந்து, பஸ் எத்தினை மணிக்கு எண்டு கேட்டா. எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி ஏலாது. முகத்துக்கு நேரை பொய்க்காரி எண்டு பேசியிருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசிப்போட்டுச் சந்தோசமாக் கையெழுத்து வைச்சிருப்பன்.

ஒரு கிழமை அந்த ஃபோம் எங்கடை சாப்பாட்டு மேசையிலை கிடந்தது. நான் கறி வைக்கிறன், ஃபோமைப் பாக்கிறன். கறிக்கு உப்பில்லை. கையெழுத்து வைச்சால் மேல் வகுப்பிலை போய் முழிக்க வேணும், மோல் வாங்குதான் கதி. வைக்காட்டி, நான் அஞ்சாம் வகுப்பு எண்டு வாய் திறந்து சொல்ல வேணும். முப்பது வருஷமாப் புருசனுக்கே சொல்லாத கதை. ஆறாம் நாள் மனுசன் பெல்ற்றைத் தளத்திக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"என்னடியப்பா, பரீட்சைப் பேப்பர் மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"ஓ.எல் விசயம்," எண்டன். "அது... தரகர் சொன்னது..."

"எட்டுப் பாடமோ?" எண்டு மனுசன் சிரிக்கத் தொடங்கினார். நாரி நோவோடை சிரிப்பு, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு ஐயோ. "எனக்கும் அதே எட்டுப் பாடந்தானடி. நான் ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் பெயில். உன்ரை தேப்பனுக்குத் தரகர் என்ன சொன்னவர் எண்டு நினைக்கிறாய்? ரெண்டு வீட்டுக்கும் ஒரே எட்டுப் பாடத்தை வித்திருக்கிறான் ராஸ்கல்."

நான் பாஸ் இல்லை எண்டு மனுசனுக்கு எப்பவோ தெரியுமாம். எப்பிடி எண்டு கேட்டன். கலியாணம் கட்டின புதுசிலை அவரின்ரை தமையன் எனக்குக் கேக்கத்தக்கதா, "உவன் ஓ.எல் கோட்டடிச்சவன், ரெண்டு தரமும் பெயில்" எண்டு பகிடி பண்ணினவராம். பாஸ் பண்ணின பெட்டை எண்டால் அண்டைக்கு முகத்தைச் சுளிச்சிருப்பாளாம். நானோ நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டனானாம். எனக்கு அது ஞாபகத்திலையே இல்லை. பாருங்கோ, முப்பது வருஷம் ஒரு மூச்சை ஞாபகம் வைச்சிருந்திருக்கிறார். அந்த மனுசனுக்கு அதுக்குப் பிறகு ஒரு மாசம் ரீவி பாக்க நான் தடை சொல்லேல்லை.

அடுத்த கிழமை போகேக்கை டொலர் கடையிலை ஒரு அழிறப்பர் வாங்கிக்கொண்டு போனன். மிஸ்ஸின்ரை மேசையிலை பேப்பரைப் பின்பக்கம் திருப்பி வைச்சு, நானே அழிச்சன். தமிழ், சமயம், கணக்கு, ஒவ்வொண்டா. சங்கீதத்தைக் கடைசியா அழிச்சன், அதுக்கு ஒரு மேலான றிசல்ற் எல்லோ. மேசை முழுக்க ரப்பர்த் தூள். மிஸ் கையாலை தூளைக் கூட்டி எடுத்துக் குப்பைக்குள்ளை போட்டா. பிறகு பேப்பரை முன்பக்கம் திருப்பி, "அப்ப எத்தினையாம் வகுப்பு, அன்ரி?" எண்டா.

"அஞ்சு. அதுவும் அரைவாசி."

"ஓகே. குட். இப்ப தொடங்கலாம்." காதிலை பென்சிலைச் செருகிப்போட்டுப் பேனையை எடுத்தா.

எப்பிடி என்னைக் கண்டு பிடிச்சனீங்கள் எண்டு கனகாலத்துக்குப் பிறகு கேட்டன். உண்மையாச் சோதினை எழுதின ஆக்கள் ஒரு பாடத்தையாவது மறந்து போய் மேலை பாத்து யோசிப்பினமாம். நான் எட்டையும் ஒரே மூச்சிலை சொன்னனானாம், காயத்திரி மந்திரம் மாதிரி. அதை ஒரு வேதக்காரப் பிள்ளை சொல்லிக் கேக்க எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு.

அந்த முதல் பதினாறு கட்டத்தையும் சத்தியக் கடதாசி இல்லாமலே நிரப்பலாமாம்! அதைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேணும், வாய் எட்டுப் பாடத்தைச் சொல்ல அவசரப்பட்டிட்டுது. பேப்பர் இல்லாத ஆக்களை நாலு சோதினை வைச்சுப் பாப்பினம். எது மட்டும் தெரியுதோ அதுக்கேத்த மாதிரிக் கட்டம் குடுப்பினம். அதுக்கு முதல் மிஸ் என்னைக் கீழ் வகுப்பிலை ஏழெட்டு மாசம் இருத்தினா. குசினி ஷிஃப்ற் பின்னேரத்துக்கு மாறினது, காலமை பள்ளிக்கூடம். கனடாப் பூமிசாத்திரச் சோதினையிலை நான் நல்லாச் செய்தன். மொன்றியலிலை மச்சாள், எட்மன்ரனிலை ஒண்டைவிட்ட தம்பி, வன்கூவரிலை ஊர்ச் சனம். சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாம் எனக்குப் படத்திலை தெரியும். நடுவிலை மனிற்ரோபாவிலைதான் எங்கடை ஒருத்தரும் இல்லை, அது பிழைச்சுப் போச்சு. விஞ்ஞானத்திலை முதல் தரம் கட்டம் கிடைக்கேல்லை. நான் விடப்போறன் எண்டு மிஸ்ஸுக்கு முன்னாலை பாக்கைத் தூக்கினன். "விடுங்கோ அன்ரி, பட் மோலுக்குப் போகாதேங்கோ. வீட்டை போங்கோ," எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சால் நான் தோத்தனான் எண்டு அர்த்தம். ரெண்டாம் தரம் எழுதினன்.

அடுத்த பத்துக் கட்டத்துக்கு நான் செய்த வேலையையே அவ எடுத்தா. குசினியிலை சாப்பாட்டுச் சுத்தத்துக்கு ஒரு றெயினிங் எடுத்தனான், நெருப்புப் பிடிச்சால் என்ன செய்யிறது எண்டு ஒண்டு, பாரம் தூக்கிறதுக்கு ஒண்டு. உதெல்லாம் ஆரும் கணக்கிலை எடுப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. அதுகளுக்குத் தந்த சேர்ட்டிபிக்கேற் துண்டுகளை நான் அலுமாரித் தட்டுக்கு விரிச்சிருந்தனான், மேலை அரிசிமாப் போத்தல். தட்டிக் கழுவிக் கொண்டு போய்க் குடுத்தன். மனேச்சரிட்டையும் ஒரு கடிதம் வாங்கச் சொன்னா. அவன் எழுதித் தந்தான்: நேரத்துக்கு வருவா, சுத்தமா வேலை செய்வா, கொஞ்சம் கூடக் கதைப்பா. அந்தக் கடைசி வரிக்கு என்ன கிரெடிற் எண்டு கேட்டன். அதுக்கு முப்பதும் குடுக்கலாம் எண்டா மிஸ்.

மிச்சம் நாலு கட்டம் மட்டும் நான் இருந்து படிச்சது. இங்கிலிஸ், கணக்கு, தமிழ், அதோடை கோ-ஓப். தமிழ் சும்மா ஊதித் தள்ளலாம் எண்டு போனன். ரீச்சர் என்ரை முதல் கட்டுரையைச் சிவப்பாலை குளிப்பாட்டித் தந்தா, நான் கதைக்கிற மாதிரி எழுதுறனாம். வேற எப்பிடி எழுதுறது? இதையும் அவ பாத்தால் சிவப்புப் பேனைக்கு மை காணாது. கோ-ஓப் எண்டால் வேலை இடத்திலை போய்ப் பழகுறது. அதுவும் ஒரு பாடந்தான். மிஸ் எங்கை ஒழுங்குபடுத்தினா எண்டு நினைக்கிறியள்? நான் கோப்பை கழுவுற அதே கட்டிடத்தின்ரை மூண்டாம் மாடியிலை. காலமை மேலை நான் மாணவி, பின்னேரம் கீழை கோப்பை. காலமை ஆருக்குக் கஞ்சி பருக்கினனோ, அவவின்ரை கோப்பையையே பின்னேரம் கழுவுவன். மூண்டாம் மாடியிலை தமிழ்ச் சனம் கனக்க. கொலிஜ் கோர்ஸ் முடிச்சு வர எனக்கு அங்கை ஒரு இடம் ஆயத்தமா இருந்தது. குசினி மூட மூண்டு மாசம் இருந்தது. நான் பிந்தேல்லை.

சேர்ட்டிபிக்கேற் குடுக்கிற அண்டைக்கு மகள் கேட்டாள், "அம்மா, நீங்கள் ஊரிலை ஓ.எல் பாஸ் தானே, பிறகென்ன திரும்பவும்?" எண்டு. "அது கனடாவுக்குச் செல்லாதாம்" எண்டன். மனுசன் பெல்ற்றோடை பக்கத்திலை நிண்டு இருமினார். அவளுக்கு இண்டைக்கு மட்டும் தெரியாது. இதிலை எழுதிப்போட்டன், ஆனா பயமில்லை, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. போன வருஷம் அஜக்ஸிலை அவளின்ரை வீட்டுக்குப் போனால் பேத்தியோடை சண்டை நடக்குது. பேத்தி ஒரு பாடத்தைச் சமர் லீவுக்குத் தள்ளிப்போட்டுக் கோ-ஓப் எடுக்கப் போறாளாம். "கோ-ஓப் எடுக்கிறது படிக்க ஏலாத பிள்ளையள்" எண்டு மகள் குதிக்கிறாள். "ஓம் பிள்ளை, என்னை மாதிரி" எண்டன். சண்டை முடிஞ்சுது.

மிஸ் இப்பவும் வேலை செய்யிறா, வேற பள்ளிக்கூடம். கிறிஸ்மசுக்கு நான் பலகாரம் குடுப்பன், தைப்பொங்கலுக்கு அவ கேக் தருவா. ரெண்டு பேருக்கும் நாள் மாறித்தான் ஞாபகம் வரும். ரெண்டு வருஷத்துக்கு முதல் ஒரு நாள் போன் எடுத்தா. குரல் சரியில்லை. "அன்ரி, அம்மாக்கு இப்ப நாங்கள் ஆர் எண்டு தெரியேல்லை. வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாமல் கிடக்கு. உங்கடை மாடியிலை பேர் குடுக்கட்டோ?" கேக்கிற கேள்வியே அது? இடம் வரும் வரை நான் ஒவ்வொரு கிழமையும் ஒஃபிசிலை போய் நிண்டு கதைச்சன். மனேச்சர் எழுதின கடைசி வரி அப்பதான் உதவினது.

மிஸ்ஸின்ரை அம்மா, எனக்கு அக்கா, இப்ப என்ரை மாடியிலை, ஜன்னல் கரைக் கட்டில். மகளைத் தெரியாது, காலமை சாப்பிட்டது தெரியாது. ஆனா தலை இழுத்து விடேக்கை ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுவா, "நான் ஓ.எல் எட்டுப் பாடம் பாஸ்." எல்லாம் போயும் அந்த எட்டு மட்டும் போகேல்லை. முதல் நாள் கேக்கேக்கை என்ரை கையிலை இருந்த சீப்பு நிண்டு போச்சு. என்ரை எட்டை நான் அழிச்சனான், அது எனக்கு நல்லது. அவவின்ரை எட்டை அழிக்க நான் ஆர்? "ஓம் அக்கா, கெட்டிக்காரி" எண்டு சொல்லிப் பின்னி விடுவன்.

போன கிழமை லொக்கரிலை இருந்து அந்தப் பேப்பரைக் கழட்டிக் கொண்டு போய் அவவின்ரை மடியிலை வைச்சன். உங்கடை மகள் கீறினது எண்டன். கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா. விரலாலை ஒவ்வொரு கட்டமாத் தடவினா. பின்பக்கம் திருப்பினா. அங்கை ஒண்டும் இல்லை, வெளிச்சத்துக்குப் பிடிச்சால் மட்டும் பென்சில் அழிஞ்ச கறை தெரியும்.

"நீர் எது மட்டும் படிச்சனீர்?" எண்டு கேட்டா.

"அஞ்சாம் வகுப்பு, அக்கா."

என்ரை கையைப் பிடிச்சா. பாவம் எண்டு நினைச்சிருப்பா போல. "பறவாயில்லைப் பிள்ளை, இப்பவும் படிக்கலாம். என்ரை மகள் ஒருத்தி இருக்கிறா, அவவிட்டைப் போம். அவ கட்டம் கீறித் தருவா."

"ஓம் அக்கா," எண்டன். "போறன்."